இப்போது என் மேசையில்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

காலை நடை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே நாங்கள் ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். இருவருக்குப் பிரெஞ்சு பான்சியோன், மற்றவர்களுக்கு நம் அரசாங்கத்துப் பென்ஷன். சர்க்கரை அளவு, மாத்திரை, பேரப்பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு புத்தகத்துக்கு வரும். யார் என்ன படிக்கிறார், எதை யார் படிக்கலாம், இரவல் வாங்கியவர் ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான்.

போன மாதம் என் முறை வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன் என்றேன். நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "என்ன முசே, பன்னிரண்டு வால்யூம்! நம் வயதுக்கு முடிகிற காரியமா? அதில் என்னதான் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போலவே தயங்கும் மற்ற நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் நான் இந்தப் புத்தகத்துக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சங்கராபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரிவதற்கு முன்பே சேன், லுவார் நதிகளின் போக்கைப் படம் போட்டுக் காட்டத் தெரிந்தவன். சரித்திரப் பாடத்தில் பதினான்காம் லூயி, நெப்போலியன் எல்லோரும் வந்தார்கள். நம் ஊர் என்றால் துய்ப்ளெக்ஸ் ஒருவர்தான். பெரிய மனிதர், சாம்ராஜ்யம் கட்டப் பார்த்தார், பாரீஸ்காரர்கள் அவரைக் கைவிட்டார்கள் என்ற அளவில் பாடம் முடிந்துவிடும். அவர் பக்கத்தில் நின்று பேச்சை மொழிபெயர்த்த தமிழர் ஒருவர் இருந்தார், அவர் இருபத்து நான்கு வருஷம் எழுதி வைத்தார் என்று எந்த வாத்தியாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ப்ரெவே முடித்து, புதுச்சேரி அரசில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்த பிறகு, மாலை வேளைகளில் ரொமேன் ரோலான் நூலகத்துக்குப் போவேன். 1827-இல் தொடங்கிய அந்த நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களுக்குக் குறைவே இல்லை. அங்கேதான் ழூலியென் வேன்சோன் 1894-இல் பாரீசில் வெளியிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தது. வேன்சோன் காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்றவர். பிற்பாடு பாரீசில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். நாட்குறிப்பின் 1736 முதல் 1748 வரையிலான பகுதியிலிருந்து எடுத்து மொழிபெயர்த்திருந்தார். நம் ஊர்க்காரர் தமிழில் எழுதியதை நான் முதலில் பிரெஞ்சில்தான் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகுதான் தமிழ் மூலத்தைத் தேடினேன்.

பிள்ளையைப் பற்றிச் சில விவரங்கள். 1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை. மாமன் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடம் தலைமைத் துபாஷி. அவர் அழைப்பில்தான் குடும்பம் இங்கே வந்தது. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நின்றுவிடாது. வியாபாரிகளிடம் துணி கொள்முதல், ஊர்ப் பஞ்சாயத்து, நவாபுகளோடு கடிதப் போக்குவரத்து, யாருக்கு என்ன மரியாதை, யாருக்கு என்ன நசர் என்பது வரை எல்லாம் அவர் கையில் இருக்கும்.

அந்த மாமனின் கதைதான் நாட்குறிப்புக்குத் திறவுகோல் என்று எனக்குப் படுகிறது. 1716-இல் நைனியப்பரைக் கைது செய்தார்கள். குற்றம் சாட்டியவர்களும் விசாரித்தவர்களும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். சாட்டையடி, சிறை, அபராதம் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார். அவர் மகன் குருவப்பர் கப்பலேறிப் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஷெவாலியே பட்டத்தோடு திரும்பித் தகப்பனார் வகித்த பதவியில் அமர்ந்தார். 1724-இல் அவரும் காலமானார். மாமன் சிறைக்குப் போனபோது ஆனந்தரங்கருக்கு ஏழு வயது. குற்றம் சாட்டியவன் கையில் மட்டும் காகிதம் இருந்தால் குடும்பம் என்ன ஆகும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டார்.

1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில், அவர் எழுதத் தொடங்கினார். 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்ததும் அந்த வேலைகளைப் பிள்ளை பார்த்தார்; 1747-இல் முறைப்படி பதவி கிடைத்தது. 1756-இல் பதவி போயிற்று. ஆனால் எழுத்து நிற்கவில்லை. 1761 ஜனவரி 12-இல் இறந்தார். நான்கே நாள் கழித்து ஊர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர் எழுதிய ஊர் அவரோடு போயிற்று என்றே சொல்லலாம். ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் அவருடைய மாளிகை தப்பிய சிலவற்றில் ஒன்று. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண். பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.

ஏன் எழுதினார் என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு குமாஸ்தாவின் ஊகம்தான் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு பால பாடம்: கோப்பில் இல்லாதது நடக்காதது. மாமனுக்கு நேர்ந்தது தனக்கு நேராமலிருக்க அந்த மனிதர் தனக்கென்று ஒரு கோப்பு திறந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். துரை என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், அப்போது யார் யார் உடனிருந்தார்கள், எத்தனை மணி, யார் கோட்டைக்குள் வந்தபோது எத்தனை பீரங்கி முழங்கியது என்பது வரை இருக்கும். இலக்கியம் எழுத உட்கார்ந்தவர் பீரங்கிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

இதனால் படிப்பவர்களுக்கு என்ன லாபம்? துய்ப்ளெக்ஸை நாம் பீடத்தின் மேல் சிலையாகப் பார்த்துப் பழகியவர்கள். இங்கே அவர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார், கோபப்படுகிறார், புகழ்ச்சிக்கு மயங்குகிறார், பணத்துக்கு அலைகிறார். 1746 செப்டம்பரில் லபுர்தொன்னே சென்னைக் கோட்டையைப் பிடித்த பிறகு, அதைப் பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் முட்டிக்கொண்டது பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி. இங்கே கடிதத்துக்குக் கடிதம், நாளுக்கு நாள் அந்தச் சண்டை வளர்கிறது. துய்ப்ளெக்ஸின் மனைவி ழான் அம்மாள் நம் ஊரிலேயே பிறந்து தமிழ் பேசியவர். துபாஷி இல்லாமலேயே ஊராரோடு பேசக்கூடிய துரைசானி என்பதால் பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அந்தப் பகை பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

ஏழைகளும் வருகிறார்கள். 1743-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஆள் பிடிப்பவர்களின் விவரம் இருக்கிறது. ஏதுமறியாத ஜனங்களைப் பிடித்து, தலையை மழித்து, காலில் விலங்கிட்டு அடைத்துவைத்துக் கப்பலேற்றி அடிமைகளாக விற்றிருக்கிறார்கள். நாம் தினமும் காற்று வாங்கும் இந்தக் கடற்கரையில்தான் அந்தக் கப்பல்களும் நின்றன. இதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிள்ளை எழுதியதெல்லாம் வேதவாக்கு அல்ல. எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் குறிப்பு எழுதியவர் யார், அவருக்கு இதில் என்ன அக்கறை என்று பார்ப்போமே, அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும். அவர் பெரிய வியாபாரி. ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தவர். தன் புகழைப் பிறர் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்வதில் கூச்சப்பட மாட்டார். கனகராய முதலியாரைப் பற்றிச் சொல்லும் இடங்களில் போட்டியாளனின் பொறாமை ஒளியவில்லை. சாதி ஏற்றத்தாழ்வை இயற்கை என்றே நம்பியவர். நாள், நட்சத்திரம், கிரகம் பார்க்காமல் ஓரடி வைக்க மாட்டார். இவ்வளவையும் தெரிந்துகொண்டு படித்தால் அவர்மேல் மரியாதை குறைவதில்லை. நம்மைப் போன்ற மனிதர்தான் என்று நெருக்கம் கூடுகிறது.

இந்த முறை படிக்கும்போது 1748 செப்டம்பர் பக்கங்களில் நான் நின்றுவிட்டேன். அட்மிரல் பாஸ்கவேன் பெரும் படையோடு ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரி ஈஸ்வரன் கோயிலை அப்போது இடித்தார்கள். இன்று ஈஸ்வரன் கோயில் தெருவில் நாம் கும்பிடுவது பின்னாளில் எழுந்த கோயில். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதையும், உற்சவ விக்கிரகங்களை எடுத்துப்போக அனுமதி கிடைத்து அவை காளத்தீஸ்வரர் கோயிலுக்குச் சென்றதையும் பிள்ளை எழுதுகிறார். வருத்தம் தெரிகிறது, கோபமும் தெரிகிறது. துரைமேல் கோபம், துரைசானிமேல் கோபம், பாதிரிகள்மேல் கோபம், ஒற்றுமையில்லாத ஊரார்மேல் கோபம். தன்மேல் மட்டும் அவ்வளவாக இல்லை. துரையிடம் தினமும் பேசக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர். பகலில் எவ்வளவு பேசினார், இரவில் எவ்வளவு எழுதினார் என்று கணக்குப் பார்த்தால் இரவுப் பக்கம் கனமாக இருக்கிறது.

இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டி இன்று சண்டை மூட்டுகிறவர்கள் உண்டு. அதே நாட்குறிப்பில் கிறிஸ்தவத் தமிழரும் இந்துத் தமிழரும் ஒரே சந்தையில் ஒன்றாக வியாபாரம் செய்ததும், முஸ்லிம் நவாபு குடும்பங்கள் இந்த ஊருக்கு அடைக்கலம் தேடி வந்ததும் இருக்கின்றன. முழுவதையும் படித்தவனுக்கு அவ்வளவு சுலபமாக வெறுப்பு வராது.

நான் அந்தப் பக்கத்தில் நின்றதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

எண்பதுகளில் நான் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். புயல் நிவாரணப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த மேசையில் என்னைவிட மூத்த எழுத்தர் ஒருவர். எனக்குக் கோப்பு எழுதவும், அரசாங்கத் தமிழ் எழுதவும் கற்றுக்கொடுத்தவர். பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு ஒற்று எங்கே மிகும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்த மனிதர். ஒருநாள் அதிகாரி வந்து, பட்டியலில் சில பெயர்களைச் சேர்க்கும்படி வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தாருங்கள் சார் என்று மூத்தவர் கேட்டார். அவசரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். அன்று இரவு என் சட்டைப்பை டைரியில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாதென்று பிரெஞ்சில் எழுதினேன்.

அடுத்த வருஷம் தணிக்கை வந்தது. அந்தப் பெயர்களுக்குரிய ஆட்கள் இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். மூத்தவருக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டு, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். என் பதவி உயர்வுப் பட்டியல் அதே அதிகாரியின் மேசையில் இருந்தது. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். நினைவில்லை என்று சொன்னேன்.

மூத்தவருக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை என் தமிழில் பிழை திருத்திக்கொடுத்தார். இன்று அவர் இல்லை. டைரி என் பீரோவில் இருந்தது.

எனவே, நண்பரே, அந்தப் பன்னிரண்டு தொகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இருக்கிறது. எழுதி வைப்பது மட்டும் போதாது என்பதும் இருக்கிறது. பிள்ளை எழுதாமல் போயிருந்தால் அந்த அடிமைகளைப் பற்றியோ, அந்தக் கோயில் இடிந்த நாளைப் பற்றியோ நம்மவர் ஒருவரின் சாட்சி நமக்குக் கிடைத்திருக்காது. அதற்காக அவருக்குக் கைகூப்பலாம். பேச வேண்டிய நேரத்தில் பேசினாரா என்று அவரிடமே கேட்கவும் செய்யலாம். நல்ல புத்தகம் அப்படிக் கேட்க இடம் கொடுக்கும். கேட்டவனையும் திருப்பிக் கேட்கும்.

இனி, எப்படிப் படிப்பது என்பதற்கு என் யோசனைகள்.

முதல் தொகுதியிலிருந்து தொடங்காதீர்கள். கப்பல் வரவு, துணி விலை என்று சோர்ந்துபோவீர்கள். 1746-இல் சென்னைக் கோட்டை விழுவதிலிருந்து தொடங்கி 1748 முற்றுகை முடியும் வரை படியுங்கள். பிடித்துப்போனால் முன்னும் பின்னும் போகலாம். ஞானு தியாகு 1948-இல் தொடங்கிப் பதிப்பித்த பழைய தமிழ்த் தொகுதிகள் சில வீடுகளிலும் நூலகத்திலும் இருக்கின்றன. 2019-இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகளை அகநி வெளியிட்டிருக்கிறது. நம் கண்ணுக்கு அதுவே சௌகரியம். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை வெளியிட்ட 12 தொகுதிகள் உண்டு. பிரெஞ்சு மறக்காதவர்கள் வேன்சோனை எடுக்கலாம்.

மூலத்தின் தமிழைக் கண்டு பயப்படாதீர்கள். அது பேச்சுத் தமிழ். நிறுத்தற்குறி கிடையாது, பாரசீகம், தெலுங்கு, பிரெஞ்சு எல்லாம் கலந்து ஓடும். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். சிப்பாயைச் சொல்தாது என்பார். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து வந்தவர் வீட்டை நாம் இன்றும் சொல்தா வீடு என்கிறோமே, அதே சொல்தான். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும். பாட்டி கதை சொல்வதுபோல் காதில் விழும்.

நாவல்தான் வேண்டும் என்பவர்களுக்கு நம் பிரபஞ்சன் இருக்கிறார். இந்த நாட்குறிப்பை வைத்து அவர் எழுதிய "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" இரண்டையும் வரிசையாகப் படியுங்கள். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலை முடித்துவிட்டு நாட்குறிப்புக்கு வந்தால் மனிதர்களின் முகம் ஏற்கெனவே பழகியிருக்கும்.

பிள்ளையை முடித்தவர்களுக்கு அடுத்தது இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு, 1778 முதல் 1792 வரை. ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்தது. நாயக்கர் ஊர்க்காவல் பொறுப்பிலிருந்த நயினார். பிரெஞ்சுப் புரட்சியின் அலை நம் ஊர்க் கரையில் எப்படி அடித்தது என்று அதில் பார்க்கலாம். நைனியப்பர் வழக்கை மட்டும் விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு டானா அக்மோன் ஆங்கிலத்தில் எழுதிய "எ கலோனியல் அஃபேர்" இருக்கிறது, 2017-இல் வந்தது.

கடைசியாக ஒன்று. பிள்ளை இறந்து 85 வருஷம் அந்த ஏடுகள் சந்ததியார் வீட்டில் தூங்கின. 1846-இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுக்காமல் போயிருந்தால் செல்லுக்கு இரையாகியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவின் கணக்குப் புத்தகமோ, தாத்தா சைகோனிலிருந்து எழுதிய கடிதமோ இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

நானும் பீரோவைத் திறந்தேன். அந்த டைரிப் பக்கத்தை நானே தமிழில் எழுதி, மூலத்தையும் சேர்த்து, மூத்தவரின் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கே இப்போது ஓய்வு பெறும் வயது. இரண்டு தரம் படித்தார். "அப்பா இதையேதான் சொல்வார் மாமா" என்றார். காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் எழுதியதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது; வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.